ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிட்டோமா?



போன வாரம் எங்கள் தெருவில் ஒரு விதவைச் சகோதரியின் வீட்டில் ஜெபக்கூட்டம். வாரம் இரண்டு நாள் அவருக்கு டயாலிசிஸ். உருக்கமாக ஜெபித்தோம். "விசுவாசமாயிருங்க அக்கா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை. கூட்டிப்போனது எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி. அவர் சபைக்கு வருகிறவர் அல்ல.

அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் பல வருஷம் எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9 வசனங்களை மனப்பாடம் செய்யவைத்துப் பரிசு கொடுத்திருக்கிறேன். இரட்சிப்பு கிருபையால் வருகிறது, விசுவாசத்தால் பெறுகிறோம், நம் கிரியைகளால் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 10-ஆம் வசனத்தை ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. நற்கிரியை செய்வதற்கென்றே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று பவுல் அங்கேதான் முடிக்கிறார். பாடத்தின் கடைசி வரியை விட்டுவிட்டு நடத்திய ஆசிரியர் நான்.

"விசுவாசம் மாத்திரமே" என்று முழங்கிய மார்ட்டின் லூத்தரைப் பாருங்கள். 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதியவர். அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து நற்கிரியையைப் பிரிக்க முடியாது என்றார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையும் இதையே சொல்கிறது: நம்மைத் தேவன் ஏற்றுக்கொள்வது கிருபையால், நற்கிரியை அதன் கனி.

"சார், கிரியையால் இரட்சிப்பு என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. காய்ப்பதால் ஒன்று மாமரம் ஆவதில்லை. மாமரம் என்பதால் காய்க்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் காய்க்காத மரத்தைப் பார்த்துத் தோட்டக்காரர் கவலைப்பட மாட்டாரா?

அந்தத் தம்பியின் இரட்சிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் விசுவாசம் உயிரோடிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, தயவுசெய்து 10-ஆம் வசனத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்த அக்காவோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்கு யார் வருகிறீர்கள்? கமெண்டில் ஆமென் போடவேண்டாம். போன் பண்ணுங்கள்.