விழித்திருப்பதில் என்ன வீரம்?

பழைய மோட்டார் வண்டிகளின் நெடுந்தூர ஓட்டமொன்றில் நேரக்கணக்குப் பார்ப்பவர்களாக நமது சங்க அன்பர்கள் இருவர் வருகிற குளிர்காலத்தில் செல்லவிருக்கிறார்கள். சென்ற மாதம் விடுதி முற்றத்தில் அவர்களைப் பாராட்டிச் சிறு தேநீர் விருந்து நடந்தது. "இரவு பகலாகக் கண் இமைக்காமல் வண்டி ஓட்டும் வீரர்களின் அருகில் நம்மவர் அமரப் போகிறார்கள்" என்று ஒரு நண்பர் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. காரணம் கேட்டவர்களிடம் அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஓட்டங்களை அறியாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இவை வேகப் பந்தயங்கள் அல்ல. நாற்பது, ஐம்பது, அறுபது வயதான வண்டிகள் பொதுச்சாலையில், குறித்த சராசரி வேகத்தில், குறித்த நிமிடத்தில் ஒவ்வொரு சாவடிக்கும் சென்று சேர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் குறையும். ஆகையால் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் கடிகாரமும் தாளும் டார்ச்சும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க ஒருவர் தேவை.

இரண்டாண்டுகளுக்கு முன், நான் தஞ்சைப் பக்கத்திலிருந்து தில்லிக்குப் படிக்க வந்த புதிதில், அந்த வேலை எனக்குக் கிடைத்தது. கரோல்பாகில் எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் மாமா என்றே அழைப்பேன். அவரிடம் சென்னையில் செய்த பழைய ஹெரால்டு வண்டி ஒன்று உண்டு. ஊரை விட்டு வந்தவருக்கு ஊரிலிருந்து வந்த வண்டிமேல் எத்தனை பாசம் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தில்லியிலிருந்து ஜெய்ப்பூர், அஜ்மீர் வழியாக உதயபுரிக்கு ஓட்டம். மாலை ஐந்து மணிக்குக் கொடியசைத்தார்கள். ஆனால் மாமா அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, எண்ணெய் பார்த்து, டயர் பார்த்து, கோவிலுக்கும் போய் வந்திருந்தார். அதாவது ஓட்டம் தொடங்கும்போதே அவர் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தவர். இதை அந்தக் கூட்டத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்குப் பார்க்கவே போன நானும் எடுக்கவில்லை!

நசீராபாதைத் தாண்டியபோது மணி மூன்று. மாமி கொடுத்தனுப்பிய பிளாஸ்க் காப்பி ஜெய்ப்பூருக்கு முன்பே தீர்ந்துவிட்டது. மாமா ஒரே பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக் கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது. வண்டி மெல்ல இடப்புறமாகச் சாய்ந்து சென்றது, திடீரென்று நேரானது, மறுபடி சாய்ந்தது. எனக்குப் புரிந்தது. "மாமா, கொஞ்சம் நிறுத்துங்கள்" என்ற மூன்றே சொற்கள் தொண்டை வரை வந்து நின்றுவிட்டன. அவர் என் தந்தையினும் மூத்தவர். முப்பதாண்டு வண்டி ஓட்டியவர். நானோ சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரிந்த பையன். எப்படிச் சொல்வது? நான் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பின்விளக்கில்லாமல் சாலையோரம் நின்ற சலவைக்கல் லாரி ஒன்று எங்கள் மங்கிய விளக்கொளியில் எழுந்தது. நான் அலறினேன். மாமா வளையத்தை ஒடித்தார். லாரியின் மூலை எங்கள் பக்கக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை விட்டது.

வண்டியை நிறுத்தி இறங்கியபின் அவர் சொன்ன முதல் வார்த்தை: "நான் தூங்கவே இல்லை, தம்பி."

அவர் பொய் சொல்லவில்லை. நான் விலங்கியல் படிப்பவன். ஊர் திரும்பியபின் நூலகத்தில் இதைத் தேடிப் படித்தேன். களைத்த மூளை சில விநாடிகள் மட்டும் உறங்கி மீளும். கண் திறந்தே இருக்கலாம். மீண்ட பின் அந்த விநாடிகள் பெரும்பாலும் நினைவிலிருப்பதில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி என்றால் ஏறத்தாழ ஐம்பத்தைந்து மீட்டர். அத்தனை தூரம் வண்டியை ஓட்டியவர் யாருமில்லை என்பதே பொருள். தூக்கம் முதலில் திருடுவது, "எனக்குத் தூக்கம் வருகிறது" என்று மதிப்பிடும் அறிவைத்தான். ஆகவே "முடியாதபோது நானே நிறுத்திவிடுவேன்" என்ற வாக்குறுதியை எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும் ஏற்பதற்கில்லை.

1997-இல் டாசன், ரீட் என்ற இரு ஆராய்ச்சியாளர் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் இணைந்து செய்யும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுள்ளவரின் திறனளவுக்குத் தாழ்ந்திருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் விழித்தால் 0.10 சதவீதத்தை ஒட்டி நின்றது. நமது நாட்டு மோட்டார் வாகனச் சட்டமோ 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 0.03 சதவீதத்துக்கு மேல், மது இருந்தாலே குற்றம் என்கிறது. சாவடியில் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் அவரை ஓட்டத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள். இருபத்திரண்டு மணி நேரம் விழித்தவர் வந்தால் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள். அந்த மாமா ஒரு சொட்டு மதுவும் தொடாதவர் என்பது வேறு கதை.

அதிலும் இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரையுள்ள நேரம் பொல்லாதது. உடலின் உள்கடிகாரம் அப்போது எல்லாவற்றையும் தணித்து வைக்கிறது. பிற்பகலிலும் சிறியதொரு சரிவு உண்டு. நமது விரிவுரை மண்டபங்களில் இரண்டரை மணிக்கு அதை யாரும் காணலாம்.

பழைய வண்டியில் தூக்கம் வராது, அதன் இரைச்சலே எழுப்பிவிடும் என்று சிலர் வாதிக்கிறார்கள். இது தவறு. சக்தியுதவி இல்லாத வளையம், அழுத்தி மிதிக்க வேண்டிய பிரேக், காலடியில் அடிக்கும் எஞ்சின் வெப்பம், மங்கலான விளக்கு இவையெல்லாம் சேர்ந்து மனிதனைச் சீக்கிரம் களைக்கவே செய்கின்றன. போதாதற்கு, துருவேறிய புகைக்குழாயிலிருந்தும் தரைப்பலகையின் ஓட்டையிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். நிறமில்லை, மணமில்லை, ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வேட்கையோடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மந்தமும் வந்தால் அது களைப்பு என்றே நினைப்போம். ஓட்டத்துக்கு முன் எண்ணெயைப் பார்ப்பவர்கள் புகைக்குழாயின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். சன்னலைத் திறப்பது இந்த வாயுவுக்கு மருந்து, தூக்கத்துக்கு மருந்தல்ல. குளிர்காற்றும் வானொலியும் சற்று நேரத்துக்கே உதவுகின்றன என்று இங்கிலாந்தில் லஃப்பரோவில் நடந்த சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அங்கே உண்மையில் பயன் தந்தவை காப்பியும் குறுந்தூக்கமுமே. காப்பி வேலை செய்ய ஏறத்தாழ அரைமணி ஆகும். எனவே குடித்த உடனே வண்டியை எடுக்காமல், குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கண்ணயர்வதே முறை. நாங்கள் எங்கள் பிளாஸ்கை மாலையிலேயே, கண் நன்றாக விழித்திருந்த நேரத்தில், வீணாக்கிவிட்டோம்.

"தாங்குதிறனைச் சோதிக்கும் ஓட்டத்தில் தூங்கச் சொல்கிறாயே, பிறகு சோதனை எங்கே?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு 1968-இல் நடந்த லண்டன்–சிட்னி மாரத்தானைப் பார்க்கச் சொல்வேன். அது நம் தில்லி வழியாகப் பம்பாய்க்கு வந்து, கப்பலேறி, ஆஸ்திரேலியாவில் முடிந்த ஓட்டம். லண்டனில் 98 வண்டிகள் புறப்பட்டன. பம்பாய் வரை முன்னணியில் இருந்தது ரோஜர் கிளார்க், ஓவ் ஆண்டர்சன் என்ற இருவரின் லோட்டஸ் கார்ட்டினா. சிட்னியை நெருங்கும்போது முதலிடத்தில் இருந்தது லூசியன் பியாங்கி, ழான்-குளோட் ஓஜியே என்ற இருவரின் சித்ரோயன். கடைசியில் வென்றதோ ஆண்ட்ரூ கோவான், காலின் மால்கின், பிரையன் கோயில் மூவரும் வந்த, பேருக்கு அடக்கமான ஹில்மன் ஹன்டர். இரண்டாவது வந்த ஹாப்கிர்க்கின் வண்டியிலும் மூவர்; மூன்றாவது வந்த ஃபோர்டு பால்கனிலும் மூவர். கிளார்க்கின் வண்டியை இயந்திரக் கோளாறு பின்னுக்குத் தள்ளியது. சித்ரோயன் எதிரே வந்த காருடன் மோதிப் பியாங்கி படுகாயமடைந்தார். அதற்கு அயர்வுதான் காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்த அந்த மூன்று நாட்களில் ஒருவர் முழுதாகப் படுத்துறங்க, இருவர் விழித்திருந்த வண்டிகளே முதல் மூன்று இடங்களையும் பிடித்தன என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

பதினான்கு ஆண்டு இமைகொட்டாத இலக்குவனுக்காக அவன் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை உறங்கினாள் என்று பாட்டிமார் சொல்லும் கதை உண்டு. காவிய நாயகனுக்கே தூக்கத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. வேறொருவர் கணக்கில் எழுதினார்கள். நமது ஓட்ட அமைப்பாளர்களோ அந்தக் கணக்கையே வைப்பதில்லை. கூலிக்கு ஓட்டுபவருக்கு 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வரம்பை வகுத்தது. லாரிக்காரருக்கு அது எவ்வளவு கிட்டுகிறது என்பதைச் சாலையில் நின்று பார்ப்பவர் அறிவார். பொழுதுபோக்குக்காக ஓட்டுபவருக்கு அந்த ஏட்டு வரம்புகூட இல்லை. அவர் வருகிற சாலையில் விடியற்காலை பால்கேனோடு சைக்கிளில் போகிறவர் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டு இந்தச் சோதனைக்குச் சம்மதித்தவரல்லர்.

ஆகவே இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எல்லா வண்டிகளும் ஒரே சாவடியில் நிற்கட்டும். அந்த நேரத்துக்கு மதிப்பெண் இல்லை என்று விதி எழுதட்டும். புறப்படும் முன் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்றும் கேட்டுத் தாளில் குறிக்கட்டும். இவற்றினும் முக்கியமாக, நிறுத்து என்று நேரக்கணக்காளர் சொன்னால், அவர் வயதில் எவ்வளவு சிறியவராயினும், ஓட்டுபவர் நிறுத்தியே ஆகவேண்டும் என்ற விதி வேண்டும். நம் பிள்ளைகள் மூத்தோரை எதிர்த்துப் பேசப் பழகாதவர்கள். அந்த மரியாதையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் அது ஆளைக் கொல்லும். விதி ஒன்று இருந்தால் பையன் வாய் திறக்கத் துணிவான். செல்லவிருக்கும் நம் அன்பர்கள் இருவரும் தாளில் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சங்கச் செயலாளரும் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

மாமா இவ்வாண்டும் போகிறார். என்னையும் அழைத்தார். மூன்றாவது ஆள் ஒருவர் வந்தால் வருகிறேன் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமி தொலைபேசியில் சொன்னாள்: பின்னிருக்கைக்குத் தலையணை தைக்கக் கொடுத்திருக்கிறாராம்.