உப்பு போட்ட வசந்தம்

செர்ரி பிளாசம் என்றால் நம் ஊரில் ஷூ பாலிஷ். வட்ட டப்பா, உள்ளே கறுப்பு மெழுகு. ஜப்பானில் அது ஒரு பூ. அதைப் பார்த்து ரசிப்பதோடு நிற்காமல், உப்பில் ஊறப்போட்டுச் சாப்பிடவும் செய்கிறார்கள் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “அப்புறம் பிரஷ்ஷையும் கடிப்பாங்களா?” என்றார்.

நிஜம் ஸார். நானே குடித்திருக்கிறேன். ஆனால் டோக்கியோவில் இல்லை, ஆரோவில்லில்.

பாண்டிச்சேரிக்கு வடக்கே, செம்மண் காட்டில், 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கிய சர்வதேச ஊர் அது. அங்கே பல வருஷமாக இருக்கும் ஒரு ஜப்பானிய அம்மாளின் கைத்தொழில் கணக்கைப் பார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். (பி.காம். படித்தவன் பத்திரிகையில் எழுதப் போனாலும், ஊர் உலகம் அவனிடம் பேலன்ஸ் ஷீட்டைத்தான் நீட்டும்!) கணக்கு முடிந்ததும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புப் பூத்த, சுருங்கிய சமாசாரம் ஒன்றைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். அரை நிமிஷத்தில் அது தண்ணீருக்குள் மெல்ல விரிந்தது. இளஞ்சிவப்பு. அடுக்கடுக்காக இதழ்கள். காம்பு வேறு.

“குடிங்க தம்பி. சகுரா.”

குடித்தேன்.

“எப்படி இருக்கு?”

“உப்பா இருக்கும்மா.”

“ஆமா, உப்புதான்” என்றார், ஏதோ நான் பாராட்டிவிட்ட மாதிரி. “எங்க ஊர்ல பொண்ணு பாக்க வந்தா, கல்யாணம்னா, இதுதான் கொடுப்பாங்க. டீ கொடுக்க மாட்டாங்க.”

காரணம் சுவாரஸ்யமானது. ஜப்பானிய மொழியில் ‘டீயைக் கலக்கி விடுவது’ என்றால் விஷயத்தைப் பூசி மழுப்புவது என்று அர்த்தமாம். பெண் கொடுக்கிற இடத்தில் மழுப்பல் ஆகுமோ? நாம் வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே போறீங்க?’ என்று கேட்டால் முகம் சுளிக்கிறோமே, அந்த ரகம். அதனால் டீக்குப் பதில் ‘சகுராயு’. கலங்காத வெந்நீரும் விரிகிற பூவும்.

இந்தப் பூவைப் பக்குவம் செய்கிற விதத்தைக் கேளுங்கள். தெருவில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் போடுவதில்லை. அடுக்கு இதழ் உள்ள ‘கன்சான்’ வகை, முழுசாக மலர்வதற்குச் சற்று முன், காம்போடு கையால் பறிக்க வேண்டும். உப்புப் போட்டு, மேலே பாரம் வைத்து நீரை இறக்கி, பிறகு உமே என்கிற பழத்தை உப்பில் ஊறப்போடும்போது இறங்கும் புளிப்பு நீரில் ஊறவைக்கிறார்கள். புளிப்பு சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு வெளிறாமல் நிற்கும். அப்புறம் நிழலில் காயவைத்து, மறுபடி உப்பில் புரட்டி வைத்தால் தீர்ந்தது. கனகாவா பகுதியில் ஹதானோ என்ற ஊர் இதற்குப் பேர் போனது. இலைக்கு வேறு ஊர்: இசு தீபகற்பத்தில் மட்சுசாகி. அங்கே பெரிய பெரிய மரப்பீப்பாய்களில் மாதக்கணக்கில் இலையை உப்பில் போட்டு வைக்கிறார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மரத்தில் இருக்கும் பச்சை இலையை மோந்து பார்த்தால் ஒரு வாசனையும் கிடையாது. உப்புப் பட்டு இலையின் திசுக்கள் உடைந்த பிறகுதான், அதுவரை சர்க்கரையோடு பிணைந்து கிடந்த ஒரு பொருள் பிரிந்து ‘கூமரின்’ ஆகி மணக்க ஆரம்பிக்கிறது. காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்த மாதிரி மணம். நம் பிரியாணிப் பட்டையிலும் இதே கூமரின் உண்டு. (ரொம்ப அதிகமானால் கல்லீரலுக்கு ஆகாது. ஆசைக்கு ஒரு பூ போதும்.) ஆக, சகுராவின் வாசனையை மரம் பாதிதான் தருகிறது; மீதியைத் தருவது உப்பு.

1717-ல் இன்றைய டோக்கியோவில், சுமிதா ஆற்றங்கரையில் சோமெய்ஜி என்ற கோயில் வாசலில் காவல்காரராக இருந்தவர் யமமோதோ ஷின்ரோகு. தினமும் செர்ரி இலைகளைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போன மனுஷர், ‘இதை உப்பில் போட்டால் என்ன?’ என்று யோசித்து, பயற்றம் பூரணம் வைத்த பலகாரத்தை அதில் சுற்றி விற்றாராம். அதுதான் ‘சகுராமோச்சி’. இன்றைக்கும் வசந்தம் வந்தால் ஜப்பான் முழுக்க அதுதான். எங்கள் பாஷையில் சொன்னால், குப்பைக் கணக்கில் எழுதவேண்டிய சரக்கைச் சொத்துக் கணக்குக்கு மாற்றிய மகான்! 1875 ஏப்ரல் 4-ல் கிமுராயா பேக்கரிக்காரர்கள் மெய்ஜி சக்கரவர்த்திக்குக் கொடுத்த பன்னின் நடுவிலும் உப்பிட்ட சகுரா ஒன்றைப் பதித்திருந்தார்கள். உள்ளே இனிப்புப் பூரணம், மேலே உப்புப் பூ. சக்கரவர்த்திக்குப் பிடித்துவிட்டது.

இதெல்லாம் கேட்டதும் எனக்கு ஒரு ஆசை. “ஏம்மா, இங்கேயே ஒரு செர்ரி மரம் வெச்சா என்ன?”

சிரித்தார். குளிரில் சில வாரம் தூங்கி எழுந்தால்தான் அந்த மரம் பூக்கும். ஷில்லாங்கில் நம் இமாலய செர்ரி நவம்பரில் பூக்கிறது, அங்கே விழாகூட எடுக்கிறார்கள். ஆனால் ஆரோவில்லில் குளிர் என்பது மார்கழி விடியலில் ஒரு மணி நேரம் வந்து போகும் விருந்தாளி. அதைப் பார்த்தா மரம் தூங்கும்?

“அதனால நான் இது போடறேன்” என்று இன்னொரு பாட்டிலைத் திறந்தார். நான் அசந்து போனேன்.

வேப்பம்பூ.

ஏப்ரல் மாசம் வந்தால் அவருக்குக் கை பரபரக்கும் போலிருக்கிறது. ஹதானோவில் பூப் பறிக்கும் அதே நாட்களில் இங்கே வேப்பம்பூ கொட்டுகிறது. மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து, விழுந்ததை எடுத்துச் சுத்தம் செய்து, உப்பும் மோரும் விட்டு ஊறவைத்துக் காயப்போட்டு வைத்திருக்கிறார்.

“மோரா? இது யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“மரக்காணத்துல உப்பு விக்கற அம்மா.”

ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பேர் சொல்லும்போது கூடவே வருகிற ஊர். சென்னைக்குத் திரும்பும் வழிதானே என்று இறங்கினேன். கண்ணுக்கு எட்டின வரை பாத்தி பாத்தியாக உவர்நீர். கொளுத்துகிற வெயிலில் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தி மூழ்கும், வேலை நிற்கும். எனவே நமக்குப் பிடிக்காத வெயில்தான் இவர்களுக்குச் சம்பளம்.

சாலையோரம் உப்பு மூட்டையோடு இருந்த அக்காவிடம் விசாரித்தேன்.

“ஆமா சார், அந்த ஜப்பான் அம்மா இங்கதான் வாங்கும். ‘மீனுக்கா கருவாட்டுக்கா’ன்னு கேட்டேன். பூவுக்குன்னிச்சு. நான் சிரிக்கல சார். நாங்களும் வேப்பம்பூவுக்கு உப்பு மோரு ஊத்துவமே! அப்புறம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவங்க ஊர்லயும் உப்பும் புளிப்பும்தானாம். ‘எல்லாம் ஒண்ணுதான் அக்கா’ன்னு சொல்லிட்டு மூணு கிலோ வாங்கிட்டுப் போச்சு.”

யோசித்துப் பார்த்தேன். அங்கே உமே நீர், இங்கே மோர். அங்கே உப்பு, இங்கேயும் உப்பு. அங்கே கல்யாணத்துக்கு உப்புத் தண்ணீர். இங்கே ஏப்ரல் 14 வாக்கில் வருஷப் பிறப்புக்கு வெல்லமும் மாங்காயும் போட்ட வேப்பம்பூப் பச்சடி. நல்ல நாள் அன்றைக்கே கொஞ்சம் உப்பையும் கசப்பையும் வாயில் வைத்து ‘இதுவும் உண்டு, தெரிஞ்சுக்கோ’ என்று சொல்லிவிடுகிற வழக்கம் இரண்டு பேருக்கும் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் தங்கள் பூவை அழகாக அட்டைப்பெட்டியில் வைத்து ஊர் உலகத்துக்கே விற்கிறார்கள். நாம் நம் பூவைக் கூட்டித் தள்ளிவிட்டு, வருஷப் பிறப்புக்கு முதல் நாள் மளிகைக் கடையில் பாக்கெட் தேடுகிறோம்.

எங்கள் பாட்டி இந்த வேலையில் கெட்டிக்காரி. மாசி, பங்குனியில் மொட்டை மாடி பூரா அவர் ராஜ்யம். ஒரு தை மாசம் காலமானார். மூன்று மாதம் கழித்துச் சித்திரை வந்தது. துக்க வருஷம் என்பதால் பண்டிகை இல்லை. ஆனால் அம்மா அலமாரியைத் திறந்து, பாட்டி முந்தின கோடையில் காயவைத்த வேப்பம்பூவை எடுத்து நெய்யில் வறுத்து ரசத்தில் போட்டார். யாரும் பேசவில்லை. ஆள் போன பிறகும் அவர் கைவேலை இலையில் வந்து விழுகிறது. உப்பு செய்கிற உபகாரம் இதுதான். பாங்க்கில் போட்ட டெபாசிட்டுக்குக்கூட வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். வேப்பம்பூ டப்பாவுக்கு மூடியைத் திறந்தால் போதும்.

உடனே உற்சாகமாகித் தோட்டத்துப் பூவையெல்லாம் ஊறுகாய் போட்டுவிடாதீர்கள், தாயே! அரளி விஷம். 2024-ல் கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்த பிறகு, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கோயில் நைவேத்தியத்தில் அரளியைச் சேர்ப்பதையே நிறுத்தியது. பூக்கடைப் பூவும் வேண்டாம்; அதில் பூச்சி மருந்து அடித்திருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த பூ போதும். வேப்பம்பூ, வாழைப்பூ, அகத்திப்பூ, முருங்கைப்பூ என்று லிஸ்ட் என்ன சின்னதா?

கடைசியாக ஒரு லோக்கல் நியூஸ். எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. போன கோடையில் சங்கக் கூட்டத்தில் அதை வெட்டத் தீர்மானம் வந்தது. குற்றச்சாட்டு: கார் மேல் பூ கொட்டுகிறது. நான் எழுந்து சோமெய்ஜி காவல்காரர் கதையைச் சொன்னேன். எடுபடவில்லை. மரக்காணம் உப்பைச் சொன்னேன். கொட்டாவி விட்டார்கள். கடைசியில் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் வேப்பம்பூ ரசம் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஒருவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இந்த வருஷம் மரத்தடியில் நான்கு பழைய வேட்டிகள் விரித்திருக்கிறோம். அதில் ஒன்று, கார் பற்றிப் புகார் கொடுத்தவருடையது.