சினிமாவுக்குப் பாடினா ராப்பர் 'விலைபோயிட்டார்'னு அர்த்தமா?

வடபழனி, சாலிகிராமம் பக்கம் உள்ள ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள் ஒரு ராப்பர் போய்வந்தாலே இணையத்தில் பேச்சு கிளம்பிவிடும்: "அவ்ளோதான், இவரும் கமர்ஷியல் ஆயிட்டாரு." இதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

எஃப்எம்-ல் ஒலிக்க என்ன வழி?

சென்னை எஃப்எம்-களில் பெரும்பாலும் ஓடுவது சினிமா பாட்டுதான். அதனால் தமிழ் ராப்பருக்கு 'ரேடியோ ஹிட்' என்றாலே படப்பாட்டு. அங்கே சிச்சுவேஷன் இயக்குநருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, இமேஜ் ஹீரோவுடையது. ராப்பருக்குக் கிடைப்பது சில வரிகள். தனியார் எஃப்எம்-கள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளையும் பின்பற்ற வேண்டும். ஆபாசம், அவதூறு கூடாது. ஆக, காரம் குறையத்தான் செய்யும்.

சினிமான்னாலே சமரசமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2018-ல் வந்த ரஜினியின் 'காலா' நில உரிமை பேசிய படம். அதில் தாராவி ராப் குழுவான டோபடெலிக்ஸ் பங்கேற்றது. அறிவு, 2019-ல் சாதியையும் அரசியலையும் பேசும் 'தெருக்குரல்' ஆல்பத்தைத் தந்தார். அடுத்து விஜய்யின் 'மாஸ்டர்' படத்துக்கு 'வாத்தி ரெய்டு' எழுதிப் பாடினார். மாஸ் பாட்டைக் கேட்டு அவரைத் தெரிந்துகொண்டவர்கள் 'தெருக்குரல்' பக்கமும் போக ஒரு வழி திறந்தது.

சுயாதீனப் பாட்டு எல்லாமே புரட்சியும் இல்லை. ஹிப்ஹாப் தமிழாவைப் பிரபலமாக்கிய 'கிளப்புல மப்புல' படப்பாட்டு கிடையாது. ஆனால் பெண்களைக் குறை சொல்கிறது என்ற விமர்சனம் அதன் மேல்தான் வந்தது.

அப்போ உண்மையான சிக்கல் எங்கே?

2021 மார்ச்சில் மாஜா தளத்தில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இதற்குப் பெரிய உதாரணம். இதுவும் படப்பாட்டு இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதியது. குழந்தைகள்கூட முணுமுணுக்கும் மெட்டு, உள்ளே நிலமில்லாத மக்களின் வலி. எளிதாகப் பாடக்கூடிய மெட்டு என்பதால் கருத்து நீர்த்துப்போகவில்லை.

சிக்கல் பிறகுதான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் மாறி மாறி விளக்கம் கொடுத்தார்கள். பாட்டிலிருந்து வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னார். மாஜா தரப்பு அதை மறுத்தது.

ரசிகர் எதைப் பார்க்கணும்?

பாட்டு எஃப்எம்-ல் ஓடுதா என்பதை வைத்து ஒரு ராப்பரை எடைபோட முடியாது. வரியை வெட்டும் அதிகாரம் யாரிடம்? பெயர் எங்கே வருது? உரிமை யார் கையில்? இந்த மூன்றும்தான் முக்கியம்.

2012 காப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, படப்பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடலாசிரியர் தன் ராயல்டி பங்கை இழக்க மாட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன் இளம் ராப்பர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.