இஞ்ச் டேப்போடு கார் பார்க்கப் போனேன்!

பெண் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஜாதகம் இருக்கும். பழைய கார் பார்க்கப் போன என் கையில் இருந்தது தையல் மெஷின் டிராயரில் கிடந்த இஞ்ச் டேப்! "கார் வாங்கப் போறியா, ரவிக்கை தைக்கப் போறியா?" என்று கேலி செய்தார் என் கணவர். நான் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது.

எங்களுக்குச் சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். கீழே சைக்கிள் ஓட்ட இடம் கிடையாது. பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 7. லீவு விட்டால் கும்பகோணம் பக்கத்தில் மாமியார் வீடு. அங்கே தெரு முழுக்க இவர்கள் ராஜ்ஜியம்தான். "பசங்க இங்க வந்து சைக்கிள் மிதிச்சாத்தான் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறாங்க, எப்படியாவது கொண்டு வந்துடுங்க" என்பார் அத்தை.

போன வருஷம் கொழுந்தனாரின் சின்னக் காரை இரவல் வாங்கிப் போனோம். இரண்டு சைக்கிளையும் பின்னால் திணித்து, ஒன்றின் ஹேண்டில் பார் குழந்தைகளின் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க, 'மெதுவாகத்தானே போகப் போகிறோம்' என்று கிளம்பிவிட்டோம். பண்ருட்டிக்கு முன்னால் மாடு ஒன்று குறுக்கே வந்தது. இவர் பிரேக் போட்டார். வண்டி நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. பெடல் பெண்ணின் நெற்றியில் இடித்து மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே! அதன் பிறகு அவள், "அம்மா, என் சைக்கிள் வேணாம். யாருக்காவது குடுத்துடுங்க" என்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சீட்டு எடுத்த பணமும் சேமிப்புமாகக் கார் வாங்க நினைத்தபோது, இவர் எஞ்சினைப் பற்றிப் பேசினார். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "குழந்தைங்க ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். நடுவுல ரெண்டும் கலக்கக் கூடாதுங்க."

முதலில் வீட்டிலேயே அளந்தேன். பையனின் சைக்கிள் 24 அங்குலச் சக்கரம். நீளம் ஐந்தடி, டேப் முழுவதும் சரியாக இருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றினால் நாலடிதான். சின்னவளுடையது மூன்றரை அடி. ஹேண்டில் பாரைத் திருப்பினால் அகலமும் குறைகிறது. இதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். டிக்கி இத்தனை லிட்டர் என்று சொல்வார்கள். லிட்டரில் சைக்கிளை ஊற்ற முடியுமா, சொல்லுங்கள்! கதவு திறக்கும் வாயின் அகலம், உயரம், சீட்டை மடக்கினால் கிடைக்கும் நீளம், இந்த மூன்றுதான் கணக்கு.

"பின்னால ஸ்டாண்ட் மாட்டிக்கலாமே?" என்றார் இவர். மாட்டலாம். ஆனால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. கூரை மேலே வைத்தால், என்னால் தூக்க முடியாது. பழக்கதோஷத்தில் அடித்தள பார்க்கிங்கில் நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு. உள்ளே வைப்பதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

முதலில் பார்த்த கார் விலை மலிவு. ஆனால் கேஸ் சிலிண்டர் டிக்கியில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சி.என்.ஜி. வண்டி என்றால் டிக்கியைத் திறந்து பார்க்காமல் பேச்சே எடுக்காதீர்கள்.

இரண்டாவது கார் பளபளவென்று இருந்தது. இவர் மயங்கியே விட்டார். கூட வந்த மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். உள்பகுதியில் சேற்றுக் கோடு! தரைவிரிப்பைத் தூக்கினால் புழுங்கிய வாடை. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊர் நம்முடையது. தண்ணீரில் நின்ற வண்டிக்கு மேல்பூச்சு மட்டும் போதுமா?

மூன்றாவதாக வந்தது 2020-இல் வாங்கிய ரெனால்ட் ட்ரைபர். மூன்றாம் வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். நடு சீட் இரண்டு பாகமாகப் பிரிந்து மடங்கும். புரோக்கரை வீட்டு வாசலுக்கே கொண்டு வரச் சொல்லி, சைக்கிள்களை ஏற்றிப் பார்த்தோம். ஒரு பக்கம் மடக்கி நீளவாட்டில் இரண்டும் படுத்துக்கொண்டன. மறுபக்கம் பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி சீட், தனித்தனி பெல்ட். அப்போதுதான் இவர், "உன் டேப் ஜெயிச்சுடுச்சு" என்றார்!

இதே போல் வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்:

* சீட்டை நீங்களே மடக்கி நிமிர்த்துங்கள். பல வருஷம் தொடாத சீட் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும். கழற்றும் சீட் என்றால் அதையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

* டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பழசானால் புது டயர் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

* மெக்கானிக் நம் ஆளாக இருக்கட்டும். புரோக்கரின் ஆள் வேண்டாம்.

* பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்து வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் தேவை. இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

* சைக்கிளைப் படுக்க வைத்தால் மட்டும் போதாது. காரின் தரைக் கொக்கிகளில் இரண்டு இடத்தில் பட்டைக் கயிறு போட்டு இறுக்குங்கள். கழற்றிய சக்கரத்தையும் கட்டுங்கள். செயினை ஒரு பழைய நூல் புடவையால் சுற்றிவிட்டால் சீட்டில் கிரீஸ் ஒட்டாது.

* நாலே முக்கால் அடி உயரம் வராத குழந்தைக்கு பூஸ்டர் சீட் வையுங்கள். இல்லாவிட்டால் பெல்ட் கழுத்தில் உரசும்.

பொங்கல் லீவுக்கு முதல் பயணம். பண்ருட்டி நெருங்கும்போது பெண் ஒரு தரம் திரும்பிச் சைக்கிளைப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அசையவில்லை. "அம்மா, பாட்டி வீட்டுல இறங்கினதும் சக்கரத்தை நான்தான் பிடிச்சுக்குவேன், அப்பா மாட்டணும்" என்று சொல்லிவிட்டு, என் மகராசி தூங்கிப் போனாள்.

இஞ்ச் டேப்பை இன்னும் டிராயரில் திருப்பி வைக்கவில்லை. காரிலேயே இருக்கிறது!