‘ஆள் வெச்சிருக்கோம்’னு சொல்றோமே... அந்த ஆளோட வேலைக்குப் பேர் என்ன?



“அம்மாவப் பாத்துக்க ஆள் வெச்சிருக்கோம்.” இன்னிக்கு எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அந்த ‘ஆள்’ யாரு? ஒரு வீட்டுல ஆயா, இன்னொரு வீட்டுல அட்டெண்டர். நர்சிங் படிக்காதவரையும் ஏஜென்சிக்காரர் ‘ஹோம் நர்ஸ்’னு சொல்லி அனுப்பி வைக்கிறார். வேலைக்கே ஒழுங்கா ஒரு பேர் இல்லைன்னா சம்பளம் மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கும்?

2021-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்று ஒன்றியப் புள்ளியியல் அலுவலகம் கணித்தது. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து நாமதான். இது முதியவர்கள் கணக்கு மட்டும். இதுக்குள்ள வராத இன்னொரு கூட்டம் இருக்கு: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், தீராத மனநோய் உள்ள பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெற்றோர். அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசினாப் போதும், ஒரு கேள்வி வந்துடும்: “நாங்க போன பிறகு இவன யாரு பாத்துப்பா?”

ரொம்ப காலமா இதுக்கு நம்ம சமூகம் வெச்சிருந்த பதில், ‘எங்கயாவது கொண்டுபோய் விடு’ என்பதுதான். அந்தப் பதிலின் விலை ஏர்வாடியில் தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிப் போட்டதால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள்.

இன்னிக்குச் சட்டம் தெளிவா இருக்கு. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. துணையோடு தங்கி வாழும் இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகத்துக்குள் வாழும் உரிமையைச் சொல்கிறது. சட்டம் சொல்லிடுச்சு. ஆனா அந்த இல்லத்துல காலையில கதவைத் திறந்து, அடுப்பு பத்தவெச்சு, கூட இருக்கப் போறது யாரு?

‘சப்போர்ட்டட் லிவிங்’ என்று சொல்வது ஹாஸ்டல் இல்லை, சின்ன சைஸ் ஆஸ்பத்திரியும் இல்லை. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து இருக்கிறார்கள். அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள். தேவைப்படுகிற இடத்தில் மட்டும் கை கொடுக்க ஒரு உதவியாளர் கூடவே இருப்பார். இது கனவு இல்லை. சென்னையின் ‘தி பேன்யன்’ அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இதைத் தமிழ்நாட்டிலும் வெளி மாநிலங்களிலும் நடத்திக் காட்டியிருக்கிறது. உதவியாளர்கள் பெரும்பாலும் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள்.

“பாத்துக்கிறதுக்கு என்னங்க பெரிய திறமை, பாசம் இருந்தாப் போதும்” என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படுத்த படுக்கையா இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கலைன்னா படுக்கைப்புண் வந்துடும். மூக்கு வழியா டியூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கணும், கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைக்கணும். இல்லைன்னா உணவு நுரையீரலுக்குள்ள போயிடும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாத்தும்போது அவருக்கும் அடிபடக்கூடாது, நம்ம முதுகும் போகக்கூடாது. வலிப்பு வந்தா கையில இரும்பு கொடுக்கக்கூடாது, வாயில எதையும் திணிக்கக்கூடாது. இதெல்லாம் பாசத்துல வராது, பயிற்சியில்தான் வரும்.

அதைவிடக் கஷ்டமான திறமை ஒண்ணு இருக்கு: சும்மா இருப்பது. நாம சட்டை போட்டுவிட்டா ரெண்டு நிமிஷத்துல முடியும். அவரே போட்டா இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் கையைக் கட்டிக்கிட்டுப் பொறுமையா நிக்கணும். இன்னிக்கு ஒரு பொத்தான், அடுத்த மாசம் ரெண்டு. நல்ல உதவியாளர் யாருன்னா, ஒரு வருஷம் கழிச்சு தன்னோட தேவையைக் கொஞ்சம் குறைச்சவர். இந்த வேலை தருகிற நிறைவும் அங்கேதான் இருக்கு. வேற எந்த வேலையிலயும் ஒரு மனுஷர் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துக்கிறதை இவ்வளவு பக்கத்துல பார்க்க முடியாது.

ஆனா நிறைவை வெச்சு வாடகை கட்ட முடியுமா?

இங்கேதான் ‘சேவை’ங்கிற சொல் உள்ளே நுழையுது. அங்கன்வாடிப் பணியாளருக்குக் கொடுப்பது சம்பளம் இல்லையாம், மதிப்பூதியமாம். ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் பெண்களுக்கும் பெயர் ‘தன்னார்வலர்’தான். நல்ல திட்டம்னு பாராட்டுறோம். அதைத் தூக்கிச் சுமக்கிறவங்களை ஏன் பணியாளர்னு சொல்லக் கூடாது? அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அதுக்கும் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. ராணுவத்துல இருக்கிறவரும் சேவைதான் செய்யறார். அவருக்கு யாரும் மதிப்பூதியம் கொடுக்கறதில்லையே.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு: வழி இருக்கு. ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, ‘ஹோம் ஹெல்த் எய்டு’ போன்ற சான்றிதழ்ப் பயிற்சிகள் இருக்கு. சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கு, அங்கே சிறப்புக் கல்வி, மறுவாழ்வு தொடர்பான படிப்புகள் நடக்குது. பட்டப்படிப்புக்குப் போக முடிந்தவர்கள் சமூகப்பணி படிக்கலாம். சேரும் முன்னாடி கேளுங்க: பயிற்சி யார் கொடுப்பாங்க, வார விடுமுறை எது, ராத்திரி ஷிஃப்ட்டுக்குத் தனிக் கூலி உண்டா, ஏஜென்சி எவ்வளவு பிடிக்கும். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்துல வாங்குங்க.

வெளிநாட்டுக் கனவு காட்டி ஏஜென்ட் லட்சக்கணக்கில் பணம் கேட்டா, ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் விசா வழியைப் பிரிட்டன் மூடிவிட்டது. அந்த நாட்டிலும் இந்த வேலைக்குச் சம்பளம் குறைவு என்ற குமுறல் உண்டு. ஆனா அங்கே ஒரு படிக்கட்டு இருக்கு: அடிப்படைச் சான்றிதழ், அப்புறம் நிலை 2, நிலை 3, இல்ல மேலாளர் ஆக நிலை 5. வேலை செஞ்சுக்கிட்டே ஏறலாம். நம்ம ஊர்ல பத்து வருஷம் வேலை பார்த்த அக்காவும் நேத்து சேர்ந்த பொண்ணும் பல இடங்கள்ல ஒரே இடத்துலதான் நிக்கிறாங்க. பத்தாவது படிச்சவர்ங்கிற ஒரே காரணத்துக்காக அந்த அக்கா கடைசிவரைக்கும் ‘ஆள்’தானா?

அதனால கேட்கிறோம். பராமரிப்புப் பணியைத் தனித் தொழிலாக அறிவித்து, அதற்கென்று குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்க வேண்டும். அனுபவத்தையும் தகுதியாகக் கணக்கிட்டு, உதவியாளர், இல்லப் பொறுப்பாளர், ஒருங்கிணைப்பாளர் என்று ஏறிப்போகும் பதவி வரிசை வேண்டும். ஏஜென்சிகளைப் பதிவு செய்து, கமிஷனுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். மாவட்டத்துக்குச் சில வீடுகளாவது சப்போர்ட்டட் லிவிங்குக்கு ஒதுக்கி, அதில் வேலை செய்பவர்களுக்கு அரசே ஊதியம் தர வேண்டும்.

அதுவரைக்கும், வீட்டுல ஆள் வெச்சிருக்கிற எல்லாருக்கும்: அவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கா? ராத்திரி நாலு மணி நேரமாவது தொடர்ந்து தூங்க முடியுதா? ஏஜென்சிக்கு நீங்க கட்டுற பணத்துல அவங்க கைக்கு எவ்வளவு போகுதுன்னு இன்னிக்கே கேட்டுப் பாருங்க.