கண் சோதனையில் நோயாளி மட்டும் ஒத்துழைத்தால் போதுமா?



வயிற்றுவலி என்றால் பெரட்டு முடிந்த கையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறோம். காய்ச்சல் என்றால் மருந்து கேட்டு வாங்குகிறோம். ஆனால் கண் மங்கினால் மட்டும், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்து விடுகிறோம். வலி இல்லை, அதனால் அவசரமும் இல்லை என்பது நம் கணக்கு. பல கண் நோய்கள் வலியே இல்லாமல் பார்வையைத் திருடிக்கொண்டு போகின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கண் பரிசோதனைப் படிப்புப் படிக்கும் மாணவி ஒருவர் தம் ஆய்வுக்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சோதனையின்போது நோயாளிகள் சரியாகப் பதில் சொல்வதில்லை. மறுபடி வரச் சொன்னால் வருவதில்லை. கண்ணாடி கொடுத்தாலும் போடுவதில்லை. அவர்களை எப்படி ஒத்துழைக்க வைப்பது?" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு கை தட்டினால்தானே ஓசை? நோயாளி ஒரு கை என்றால், சோதிப்பவரும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து மறு கை. இதில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லுகிறேன்.

முதலில் நம் பங்கு

கண் சோதனை என்பது பள்ளிக்கூடப் பரீட்சை அல்ல. அதில் பாஸ், பெயில் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் செய்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கண்ணால் படித்த எழுத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, மறு கண்ணுக்கும் அதையே ஒப்பிப்பார்கள். கண்ணை மூடச் சொன்னால் விரல் சந்து வழியாகப் பார்ப்பார்கள். கண்ணை இடுக்கிப் படிப்பார்கள். இடுக்கிப் பார்த்தால் சிறு துவாரம் வழியே பார்ப்பதுபோல் கொஞ்சம் தெளிவாகத் தெரியத்தான் செய்யும். ஆனால் நாள் முழுக்க இடுக்கிக்கொண்டே வேலை செய்ய முடியுமா? ஏமாந்து போவது டாக்டர் அல்ல, நம் கண்தான்.

"ஒன்றாவது கண்ணாடி தெளிவா, இரண்டாவது தெளிவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "இவருக்கே தெரியலையா, நம்மைப் போட்டு இந்தப் பாடு படுத்துறாரே" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். உங்கள் கண்ணுக்கு எது தெளிவு என்பதை உங்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் "ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லுங்கள். அதுவும் சரியான பதில்தான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்பதே பதில்.

எழுத்துப் படிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட்டுச் சோதனைக்குப் போகாதவர்களும் உண்டு. குறிப்பாக வயதான தாய்மார்கள். அம்மா, உங்களுக்காகவே வேறொரு அட்டை இருக்கிறது. மூன்று கால் உள்ள ஒரே உருவம் மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பியிருக்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். வாசலிலேயே அந்த அட்டையைக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இருந்தால் மறைக்காதீர்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மாறி, பார்வையின் அளவும் மாறிவிடும். அந்த நேரத்தில் அளவெடுத்துக் கண்ணாடி செய்தால், சர்க்கரை இறங்கியதும் அது பொருந்தாது. "காசு போச்சு, கண்ணாடிக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டுவோம். ஆனால் விஷயம் அங்கே இல்லை. சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வந்து, சில வாரம் நிலையாக வைத்த பிறகு அளவெடுப்பதுதான் முறை. கிளினிக் கார்டையும் சாப்பிடுகிற மாத்திரையையும் பழைய கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சொட்டு மருந்துக்குப் பயப்பட வேண்டாம்

கண்ணின் பாவையை விரிய வைக்கச் சொட்டு மருந்து போடுவார்கள். சில மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். "மருந்து போட்டுக் கண்ணையே கெடுத்துட்டாங்க" என்று லயத்தில் பேச்சுக் கிளம்புவது இதனால்தான். ஜன்னலைத் திறந்தால்தானே வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்? பாவை விரிந்தால்தான் கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையை நன்றாகப் பார்க்க முடியும். மங்கல் அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாளே சரியாகிவிடும். ஆனால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. மகனையோ தம்பியையோ துணைக்கு அழைத்துப் போங்கள். தலைக்கு ஒரு தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த விழித்திரைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அதில் இரத்தக் கசிவு தொடங்கினாலும் ஆரம்பத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிற நேரத்தில் நோய் முற்றியிருக்கும். லேசர் சிகிச்சை இருக்கிற பார்வையைக் காப்பாற்றும்; போன பார்வையைத் திருப்பித் தருவது அரிது. 2014-ஆம் ஆண்டு நம் நாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த தேசியக் கண் ஆய்வில், பார்வை இழப்புக்கு முதல் காரணம் சிகிச்சை செய்யாத கண்புரை என்றும், அடுத்தது இனிப்பு நீரால் வரும் விழித்திரை நோய் என்றும் தெரிய வந்தது. கண்புரையை ஆப்பரேஷன் செய்து சரியாக்கலாம். விழித்திரை நோயை நேரத்தோடு கண்டால் தடுக்கலாம். அப்படியிருந்தும் கண் போகிறதென்றால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

பசார் மாலாமில் சில வெள்ளிக்கு விற்கும் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 வயதுக்கு மேல் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குவது இயற்கை. அதற்கு அந்தக் கண்ணாடி ஓரளவு உதவலாம். ஆனால் அது இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு உள்ளது. கண்ணுக்குள் இருக்கும் நோயையும் அது சொல்லாது. நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டின் கண்ணாடித் தொழில் சட்டப்படி, கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடைச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்பது நம் உரிமை.

சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

படித்து வரும் தம்பி தங்கைகளே! காலை இருட்டில் எழுந்து, செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வந்தவரை இருட்டறையில் உட்கார வைத்தால் அவருக்குத் தூக்கம்தான் வரும். "பாட்டி, சரியா பாருங்க!" என்று அதட்டினால் பாட்டி வாயைத் திறக்கவே மாட்டார். கண்ணில் காற்று ஊதும் கருவியை வைப்பதற்கு முன், "லேசா காற்று வரும், வலிக்காது, கண் அழுத்தத்தைப் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டால் யாரும் தலையைப் பின்னுக்கு இழுக்க மாட்டார்கள். அவரவருக்குப் புரியும் மொழியில் பேசுங்கள். இன்று லயங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கண் கண்தான். முடிவில் மூன்று விஷயத்தைச் சொல்லியனுப்புங்கள்: கண்ணில் என்ன இருக்கிறது, என்ன செய்ய வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும். ஒன்றும் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டிவிட்டு, "நோயாளி திரும்பி வரவில்லை" என்று எழுதி வைப்பது நியாயமாகாது.

நிர்வாகமும் சங்கமும்

வரச் சொன்ன நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அன்னிக்குச் சம்பளம் போயிடுமே, ஐயா." அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஆனால் அந்த ஒரு வெள்ளி வைத்தியத்துக்குப் போகும் வண்டிக்கூலியும், விட்டுப்போகும் ஒரு நாள் கூலியும் யார் கணக்கு? இதற்குப் பெயர் ஒத்துழையாமை அல்ல, இல்லாமை.

ஆகவே என் யோசனை இது. ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்திலேயே, வேலை முடிந்த நேரத்தில், கண் சோதனை முகாம் நடத்த வேண்டும். கிளினிக்குக்கு அனுப்பப்படுவோரை ஒரே நாளில் சேர்த்து ஏற்றிச் செல்ல நிர்வாகம் வண்டி கொடுக்க வேண்டும். அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. நிர்வாகத்துக்கும் இதில் லாபம் உண்டு. கண் தெரியாதவர் குலை பழுத்ததா காயா என்று எப்படிப் பார்ப்பார்? மேலிருந்து விழும் மட்டையை எப்படித் தப்புவார்? கிளைத் தலைவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே, கூட்டமும் பேச்சும் நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவரும், "என் விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?" என்று தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டால், இந்த வாரமே கார்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.