காற்றாலை கட்டமுன் காற்றை அளந்து பாருங்கள்



சகோதரியொருவர் எழுதிய கடிதம் என் முன்னே இருக்கிறது. கணவர் வெளிநாட்டில். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறார். கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, "பழைய மோட்டரும் பிவிசி குழாயும் வாங்கித் தாருங்கள் உம்மா, கூரைக்கு மேலே காற்றாடி பூட்டிக் கரண்ட் எடுத்துத் தருகிறேன், இனிமேல் பில்லே வராது" என்று நச்சரிக்கிறாராம். சீட்டு விழுந்த காசு 25,000 ரூபா கையில் இருக்கிறது. கொடுப்பதா, விடுவதா என்று கேட்கிறார்.

பிள்ளையின் ஆசை வீண் ஆசை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் வில்லியம் கம்குவம்பா என்ற பையன், 2001, 2002 பஞ்சத்தில் பாடசாலைக் கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை விட்டவர். நூலகத்தில் கண்ட ஒரு விஞ்ஞானப் புத்தகத்தின் படங்களை வைத்துக்கொண்டு, சைக்கிள் டைனமோ, டிராக்டரின் பழைய விசிறி, சூட்டில் வாட்டித் தட்டையாக்கிய பிவிசி குழாய் ஆகியவற்றால் காற்றாலை ஒன்றைச் செய்து, வீட்டில் விளக்கெரித்தார். உலகமே அவரைப் பேசியது. 2019இல் திரைப்படமாகவும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அதற்கு முன் மின்சாரமே இருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இருட்டு வீட்டுக்கு ஒரு மின்குமிழ் பெரிய செல்வம். மின்கம்பி வந்து, குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் ஓடுகிற வீட்டில் அதே காற்றாலை பில்லில் எவ்வளவு குறைக்கும்? அதுதான் கேள்வி.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். இரண்டு மீற்றர் விட்டமுள்ள காற்றாடியை வைத்துக்கொள்வோம். வீட்டில் செய்தது காற்றின் சக்தியில் கால்பங்கை மின்சாரமாக மாற்றினாலே கெட்டிக்காரத்தனம். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால் கிடைப்பது 13 வொட் அளவில். ஒரு எல்.இ.டி. மின்குமிழுக்குப் போதும். 6 மீற்றர் வேகமென்றால் 100 வொட். 10 மீற்றரென்றால் 470 வொட்டுக்கு மேல். பார்த்தீர்களா, எல்லாம் காற்றின் கையில்தான். மோட்டரின் கையில் இல்லை.

எங்கள் நாவுலயைச் சொல்கிறேன். சுற்றிலும் மலை, இடையில் பள்ளம், வீட்டைச் சுற்றி மாவும் பலாவும் தென்னையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில நாள் ஓட்டைப் பிடுங்குவதுபோல் அடிக்கும். மற்ற நாட்களில் இலை அசையாது. இப்படியான இடத்தில் சராசரியாக 3 மீற்றர் வேகம் கிடைத்தால், அந்த இரண்டு மீற்றர் காற்றாடி நாளொன்றுக்கு அரை அலகு மின்சாரம் தருவதே பெரிய காரியம். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்துவைத்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவொட். அவற்றை ஏன் மன்னார்க் கடலோரத்துக்குக் கொண்டுபோனார்கள், ஏன் மாத்தளைக்குக் கொண்டுவரவில்லை என்பது இப்போது விளங்கும்.

முன்னோர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் ஜில் ஜூலெஃப் என்ற பெண் ஆய்வாளர் பழைய இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டெடுத்து, 1996இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரைக்குமானவை அவை. துருத்தி ஊதாமல், மேற்கு நோக்கிய மலைச்சரிவின் விளிம்பில் உலை கட்டி, பருவக்காற்றையே உலைக்குள் வாங்கியிருக்கிறார்கள். இடமும் பார்த்திருக்கிறார்கள், மாதமும் பார்த்திருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் ஸரன்தீப் வாள்களைக் குறிப்பிடுவதை அறபு படித்தவர்கள் அறிவார்கள்.

பாரசீகத்தின் ஸீஸ்தானில் காற்றால் ஆலை சுழல்வதையும் கிணற்று நீர் இறைக்கப்படுவதையும் 10ஆம் நூற்றாண்டில் மஸ்ஊதி எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தில் கோடையில் ஓயாமல் வீசும் காற்றுக்கு 120 நாள் காற்று என்றே பெயர். காற்றுக்கு நாள் கணக்கு வைத்தவர்கள் ஆலை கட்டினார்கள். நாம் மோட்டர் வாங்கிய பிறகு காற்றைத் தேடுகிறோம்!

ஆகவே சகோதரிக்கு என் பதில் இது. முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். மூன்று மாதம், காலை, பகல், மாலை மூன்று வேளையும் மரங்களைப் பார்த்து எழுதட்டும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் காற்று செக்கனுக்கு 3½ முதல் 5½ மீற்றர் வரை. புழுதியும் கடதாசித் துண்டும் எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் 5½ முதல் 8 வரை. கொப்பியில் இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் காற்றாலையைப் பற்றி யோசிக்கலாம். முதல் வகைகூட அரிதென்றால், சைக்கிள் டைனமோ ஒன்றுடன் சிறியதாகச் செய்து படிக்கட்டும். அந்தச் செலவு டியூசன் காசு மாதிரி. பில்லைக் குறைக்கும் செலவு அல்ல.

செய்வதானால் சில விடயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கூரையில் பூட்டக் கூடாது. சுவர் அதிரும், கூரையில் முட்டிக் குழம்பிய காற்றில் காற்றாடி ஒழுங்காகச் சுழலாது. 100 மீற்றர் சுற்றளவிலுள்ள மரங்களைவிட 10 மீற்றராவது உயரமான கம்பம் வேண்டும். நம் வளவுகளில் இது இலேசான காரியமல்ல. சுமையில்லாமல் சுழலவிட்டால் வேகம் மிஞ்சி இறகு கழன்று பறக்கும்; பிள்ளைகள் விளையாடும் முற்றமென்றால் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வயரை வீட்டு மின்சாரத்தோடு இணைக்கவே கூடாது. கரண்ட் போயிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது. பற்றரி, அதிலிருந்து தனி விளக்கு, அவ்வளவுதான். ஸ்கொட்லாந்தின் ஹியூ பிகொட் பழைய சாமான்களால் காற்றாலை செய்வதிலேயே காலம் கழித்தவர். இலங்கைக்கும் பெருவுக்கும் என அவர் வடிவமைத்த சிறு காற்றாலையும் பற்றரி சார்ஜ் பண்ணத்தான். தொலைக்காட்சி பார்க்க பற்றரியை சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோன காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, பில்லுக்கு என்ன வழி? 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியதை எந்தக் குடும்பத் தலைவியும் மறந்திருக்க மாட்டார். பின்னர் குறைந்ததும் உண்டு. ஆனாலும் மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறாகிவிடுகிறது. 64, 65 என்று நிற்கும் வீடுகளில் நாலைந்து அலகை மிச்சம்பிடிப்பது எந்தக் காற்றாலையையும்விட இலாபம். 75 வொட் கூரை விசிறி தினமும் 8 மணித்தியாலம் சுழன்றால் மாதம் 18 அலகு. புது மாதிரி விசிறிகள் 30 வொட்டில் அதே காற்றைத் தருகின்றன. 11 அலகு மிச்சம்.

வசதியுள்ளவர்களுக்குச் சூரியத் தகடு. ஒரு கிலோவொட் தகடு நம் நாட்டில் நாளொன்றுக்கு 3½ முதல் 4 அலகு வரை தரும். ஆனால் வாங்கிய பலர் பிறகுதான் அறிந்துகொள்ளும் ஒன்றுண்டு. மின்கம்பியோடு இணைத்த சாதாரணத் தொகுதி, ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்துத் தொழிலாளியைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டபோது, உச்சி வெயிலில் தகடு வைத்த வீடுகளிலும் விசிறி நின்றது. மின்வெட்டுக்குப் பயந்து வாங்குவதானால் பற்றரியோடு சேர்ந்த விலையைக் கேளுங்கள்.

மாடு வளர்க்கும் வீடுகளுக்கு இன்னொரு வழி கண்முன்னே கிடக்கிறது. நாளொன்றுக்கு 25 கிலோ சாணம், அதாவது இரண்டு மூன்று மாடுகளின் சாணம், ஒரு கனமீற்றர் வாயு தரும். அது ஏறத்தாழ 450 கிராம் சிலிண்டர் வாயுவுக்குச் சமம். 2022இல் சிலிண்டருக்காக வெயிலில் வரிசை நின்றவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். சாணத்து வாயுவில் சமைத்ததைச் சாப்பிடலாமா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பானைக்குள் போவது சூடு மட்டும்தான்; ஆயினும் மனதில் சந்தேகம் இருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மாடில்லாதவர்களுக்கு இரட்டை வாய் அனகி மண் அடுப்பு இருக்கிறது. மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகத் தின்னும். மிளகுக் கொடிக்கு நட்ட கிளிசிரிடியாவை வருடா வருடம் கவ்வாத்துப் பண்ணும்போது விழும் தடிகளே அதற்குப் போதும். வாயுக் கிடங்கிலிருந்து வெளியேறும் சாணக் கரைசலை அந்த மிளகுக்கே ஊற்றலாம். ஆனால் கொடியின் அடியில் ஊற்றாமல் ஒரு முழம் தள்ளி ஊற்றுங்கள்.